இடக்கை மரையாக வந்த புரதம்

எழுபதுகளின் நடுவில் நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னராக இருந்தேன். டர்னர் என்று பெயர்தானே தவிர லேத், மில்லிங், டிரில்லிங், அரம் தேய்ப்பது எல்லாம் என் தலையில்தான். முதலாளிக்கு மூன்று மிஷின், இரண்டு ஆள், ஒரு மேசை, தீராத முன்கோபம். எனக்கு அவரைவிட ஒரு பிடி கூடுதல் கோபம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது. பெரிய ஃபாக்டரிகள் வெளியே தள்ளிவிடும் வேலைகள்தான் எங்களுக்கு வரும். பம்புக்கு புஷ், மோட்டாருக்கு ஷாஃப்ட். ஒரே சாமானை ஆயிரம் தரம் கடைய வேண்டும். கை பாட்டுக்குக் கடையும், மூளை எங்காவது மேய்ந்துகொண்டிருக்கும்.

எதைப் பார்த்தாலும் இது எப்படி ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்கும் புத்தி எனக்கு. வெள்ளானூரில் என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். எனக்கு ஐ.டி.ஐ. வரைக்கும் படிப்பு கிடைத்ததே பெரிய விஷயம். ஆனாலும் வீட்டில் இருந்த ஒரே அலாரம் கடிகாரத்தைப் பிரித்து, மறுபடி பூட்டி, ஒரு ஸ்பிரிங் மிச்சம் வைத்தவன் நான். அதை என் மனைவி பத்து வருடம் சொல்லிக் காட்டினாள்.

ஒரு மத்தியானம், மின்வெட்டு நேரம். மிஷின் எல்லாம் ஓய்ந்து கிடந்தது. நானும் முதலாளியும் வாசலில் ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். கைத்தறிப் புடவை கட்டிய ஒரு பெண் துணிப்பையும் சுருட்டிய காகிதமுமாக வந்து நின்றாள். அவள் என்றே எழுதுகிறேன், என் தங்கை வயதுதான் இருக்கும். கரையான்சாவடியில் வீடு, கிண்டிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், மருந்து எழுதும் டாக்டர் இல்லை என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். பேட்டையில் நாலு பட்டறை ஏறி இறங்கிவிட்டாளாம். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

காகிதத்தை விரித்தாள். முதல் படத்தில் பித்தளைக் கம்பியில் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் கிளை கிளையாகக் கால்கள், கால்களுக்கு நடுவே நூற்றொன்பதரை டிகிரி. இந்த மாதிரி நூற்றுக்கு மேல் வேண்டும், ஒன்றோடொன்று திருகிச் சேர்க்க வர வேண்டும். இரண்டாவது படத்தில் ஒரு அலுமினியச் சட்டம், அதில் முப்பத்திரண்டு கண்ணாடித் தகடுகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் பள்ளங்கள். முதலாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது பொம்மைக்கடை இல்லை என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டேன். நாலு பட்டறையிலும் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அவள் முகம் அப்படியே மாறியது. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுதுகிறேன்.

நம் குடலில் பாக்டீரியா என்று கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. வசதியான இடம் கிடைத்தால் அரைமணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். இரண்டாவதற்கு முன்னால், தன்னை எப்படிக் கட்டுவது என்று எழுதி வைத்திருக்கும் டி.என்.ஏ.வை அது நகல் எடுத்தாக வேண்டும். டி.என்.ஏ. என்பது முறுக்கிய இரண்டு இழை. நகல் எடுக்க முறுக்கைப் பிரிக்க வேண்டும். பிரித்த இழைகள் மறுபடி போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டவிடாமல் இழையைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் உண்டு. அந்தப் பிடிக்கிற சாமான் என்ன உருவத்தில் இருக்கிறது என்பதுதான் அவளுடைய நாலு வருட வேலை.

கயிறு முறுக்கியிருக்கிறேன், பிரித்தும் இருக்கிறேன். பிரித்த புரியில் ஒரு குச்சியைச் செருகாவிட்டால் திரும்பச் சுருண்டுகொள்ளும் என்பது தெரியும். அதனால் கதை சட்டென்று பிடிபட்டது. ஆனால் சாமானைக் கவ்விப் பிடிக்கும் லேத் சக்கை ஆயிரம் தரம் சாவி போட்டு இறுக்கி, ஆயிரம் தரம் விட்டவனுக்கு அடுத்த கேள்வி வராமல் இருக்குமா? "இறுக்கிப் புட்ச்சா நகல் எடுக்கறது எப்டி நகரும்? லேசா புட்ச்சா ஒட்டிக்காதா? இன்னாம்மா, அதுக்கு சாவி கீவி போட்டுக் கீதா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தாளின் ஓரத்தில் என் கேள்வியைப் பென்சிலால் எழுதிக்கொண்டாள். உருவம் தெரிந்தால்தான் அதற்குப் பதில் தெரியும் என்றாள். எனக்கு அப்போதே அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. முதலாளியிடம், ஃபாக்டரி வேலை நேரத்தில் கை வைக்க மாட்டேன், மிச்ச நேரத்தில் செய்து கொடுக்கிறேன் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

கண்ணுக்கே தெரியாததை எப்படிப் படம் வரைகிறார்கள் என்பதும் எனக்குக் குடைந்துகொண்டிருந்தது. அடுத்த தரம் வந்தபோது அதையும் கேட்டேன். புரதத்தை உப்புக்கல் போலப் படிகமாக வளர்த்து, அதன் வழியே எக்ஸ்ரே விட்டால் ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழுமாம். அந்த ஃபிலிம்களை அவளுடைய பேராசிரியர் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று இவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதினாள். பிறகு மாதக்கணக்கில் கணக்கு, அட்டையில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, வரிசையில் காத்திருந்து வாங்கிய விடை. விடையில் புரதம் ரொட்டியை வில்லை வில்லையாக நறுக்கியது போல வரும். ஒரு வில்லைக்கு ஒரு கண்ணாடி. ஏரித்தண்ணீர் வடிய வடியக் கரையில் கோடு கோடாக விழுமே, அப்படி எங்கே பொருள் திண்ணென்று இருக்கிறதோ அங்கே வளையம் வளையமாக வரைந்திருந்தாள். கண்ணாடிகளை அடுக்கி, கீழே விளக்கைப் போட்டு மேலிருந்து பார்த்தால் புரதம் உள்ளே நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் பித்தளையில் கட்ட வேண்டும்.

அதற்கு ஒரு கெடுவும் இருந்தது. பேராசிரியர் பங்குனியில் வெளிநாடு போகிறார். கட்டி முடித்த மாதிரியின் புகைப்படம் அவர் கையில் இருந்தால் அந்த உருவத்தைக் கண்டுபிடித்தது இவள் என்று ஆகும். இல்லையென்றால் ஃபிலிம்கள் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும், அங்கே வேறு யாரோ கட்டுவார்கள். நாலு வருடம் பூதக்கண்ணாடியில் கண்ணைக் கொடுத்தது யாருக்கும் தெரியாது. இதை அவள் அழுது சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

பித்தளைத் துண்டுகளுக்காக ஒரு ஜிக் செய்தேன். கம்பியை அதில் வைத்தால் கோணம் தப்ப முடியாது. இந்தத் துண்டுகளில் வலது கை, இடது கை போல இரண்டு வகை சாத்தியமாம். உயிருள்ளவற்றில் ஒரு வகைதான் இருக்கிறது, மாற்றிச் செய்தால் வீண் என்று எச்சரித்து ஒரு மாதிரித் துண்டும் கொடுத்திருந்தாள். அந்த வகைத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் அது ஸ்பிரிங் போலச் சுருளுமாம், அந்தச் சுருள் எப்போதும் வலக்கை மரையாக, வலது பக்கம் திருகும் போல்ட்டின் புரி போலத்தான் திரும்புமாம். எனக்கு நம்பிக்கையில்லை. பத்துத் துண்டைப் பூட்டிப் பார்த்தேன். சாதாரண போல்ட் மாதிரி வலது பக்கமாகவே ஏறியது. அன்றைக்கு முழுக்க அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

சட்டத்தைத்தான் கடைசியாக முடித்தேன். முப்பத்திரண்டு பள்ளம், ஒன்றுக்கொன்று முடி அளவு வித்தியாசம் இல்லை. பார்க்க மொட்டையாக இருந்தது. வேலை என்றால் வேலையாக இருக்க வேண்டும் என்று, அவள் கேட்காமலே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் நம்பர் பொறிக்கும் பஞ்ச் என்ற உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண் போட்டுக் கொடுத்தேன். வாங்க வந்தவள் எண்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணாடி மூலைகளிலும் எண் எழுதியிருக்கிறேன், இனி மாறவே மாறாது என்று சந்தோஷப்பட்டாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டில் போய்ப் பெருமை அடித்தேன். குடல்பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி என்று என் மனைவி பட்டம் கொடுத்தாள்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை, அவள் மறுபடி வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. பையிலிருந்து பித்தளைத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஐந்து வாரமாகப் பூட்டிப் பார்க்கிறாளாம். எதுவும் கண்ணாடியில் இருக்கும் கோட்டோடு ஒட்டவில்லை. நாலு துண்டு சேர்ந்தால் ஐந்தாவது வேறு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது. நாங்கள் செய்ததில் எங்காவது பிசகு இருக்குமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. பத்து வருடத்தில் என் சாமான் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகி வந்ததில்லை. லேத்தை நிறுத்திவிட்டுக் கத்தினேன். ஜிக்கைக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். கோணமானியை ஒவ்வொரு துண்டிலும் வைத்துக் காட்டினேன். அடுத்த பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, என் கையில் வந்த சாமானில் தப்பு என்று சொல்ல இன்னும் ஒருத்தரும் பிறக்கவில்லை என்றேன். அவள் துண்டுகளைத் திரும்பப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் எனக்கே ஒரு மாதிரியாகி, நாளைக்கு ஞாயிறு, நானே வந்து பார்க்கிறேன், யார் பக்கம் தப்பு என்று தெரிந்துவிடும் என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கோணமானியும் வெர்னியர் அளவுகோலுமாகக் கிண்டிக்குப் போனேன். அவள் ஒரு நீளமான அறைக்குக் கூட்டிப் போனாள். என் சட்டம் ஒரு மேசையில் இருந்தது. முப்பத்திரண்டு கண்ணாடியும் உள்ளே செருகி, கீழே விளக்கு எரிந்தது. கோபத்தை மறந்து குனிந்து பார்த்தேன். மேல் கண்ணாடி, அதற்குக் கீழ் அடுத்தது, அதற்கும் கீழே அடுத்தது என்று பார்வை இறங்க இறங்க, கோடுகள் சேர்ந்து உருண்டு திரண்டு ஒரு சாமான் அந்தரத்தில் நின்றது. உலகத்தில் இதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, நீங்கள் மூன்றாவது ஆள் என்றாள். எனக்குப் புல்லரித்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒவ்வொரு வளைவோடு ஒட்டிக்கொண்டிருந்தவள். நான் அப்படிப் பார்க்கவில்லை. என் பிழைப்பு மரை வெட்டுவது. உள்ளே மூன்று சுருள் இருப்பதைப் பார்த்தேன், ஒன்றின்மேல் விரலை வைத்து அது போன போக்கில் போனேன். கண்ணாடிக்கு மேலேயே விரல் இடது பக்கமாகத் திரும்பியது. அடுத்த சுருளும் அப்படியே. மூன்றாவதும்.

"இது எடக்கை மரைம்மா. சைக்கிள்ல லெஃப்ட் சைடு பெடல்ல கீதே, அது. என் சாமான் ரைட்டு. உன் படம் லெஃப்ட்டு. எப்டி ஏறும்?" என்றேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் வந்தார், ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுபவர். முதல் நாள்தான் வெளியூரிலிருந்து திரும்பியிருந்தார். நான் விரலால் காட்டிய இடத்தை அவரும் குனிந்து பார்த்தார். பிறகு, இயற்கையில் இப்படி வராது, கணக்கில் எங்கேயோ குறி மாறியிருக்கிறது, அடியிலிருந்து சரிபார்க்க வேண்டும் என்றார். அடியிலிருந்து என்றால் எவ்வளவு நாள் என்று நான் கேட்டேன். கம்ப்யூட்டர் கிடைப்பதைப் பொறுத்து ஆறு மாதம் என்றார். பங்குனிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உள்ளுக்குள் குஷி. படித்தவர்கள் இரண்டு பேர் நடுவில் நின்று, என் சாமான் சரி என்று நிரூபித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆவடி ஸ்டேஷன் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்குப் போகிற வழி முழுக்க விசில் அடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை எங்களுக்கு ஒரு அச்சு வேலை. இரும்புக் கட்டையில் படிப்படியாக ஆழம் எடுத்து, ஒவ்வொரு படிக்கும் எண் அடிக்க வேண்டும். எங்கள் வேலையில் ஆழம் என்றால் மேல் முகம்தான் சைபர். மேலிருந்து கீழே அளந்துகொண்டு போவோம். மில்லிங் டூலும் மேலிருந்துதான் இறங்கும், வேறு விதமாக நினைக்கக்கூட வராது. முதல் படிக்கு நம்பர் உளியை வைத்தேன், சுத்தியலை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அவளுடைய படத்தைத் தேடி எடுத்தேன். சட்டத்தின் ஓரத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி இருந்தது. பெட்டிகளில் போடுவார்களே, இந்தப் பக்கம் மேலே என்று, அதுதான் என்று நினைத்து விட்டிருந்தேன். இப்போது பார்த்தால் அம்பின் அடியில் சின்னதாக ஒரு சைபர். அவள் கணக்கு கீழிருந்து மேலே போகிறது. நான் மேலிருந்து கீழே அடித்திருக்கிறேன். அவள் என் எண்ணை நம்பி, முதல் கண்ணாடியை உச்சியிலும் கடைசிக் கண்ணாடியை அடியிலும் செருகியிருக்கிறாள். மாடிப்படியில் படிகளை மட்டும் தலைகீழ் வரிசையில் மாற்றிவைத்தால் வலது பக்கம் திரும்பி ஏறுகிற படி இடது பக்கம் திரும்பும். சட்டத்தை அப்படியே கவிழ்த்துவிட்டால் சரியாகிவிடுமா என்று ஒரு நொடி அசட்டுத்தனமாக நினைத்தேன். போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தால் மரை மாறுமா? மாறாது. ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து வரிசையைத்தான் மாற்ற வேண்டும். அவள் கணக்கில் தப்பே இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார். எண் அடிக்கச் சொல்லி இதில் எங்கேயும் இல்லையே, நீ இனாமாக அடித்தது, அதைப் பார்த்துச் செருகியது அவர்கள் பாடு, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததுதான் வினை. இரண்டு நாளைக்கு முன்னால் பேட்டைக்கே கேட்கும்படி கத்தியவன், நேற்றுப் பேராசிரியர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தியவன், எந்த முகத்தோடு போய் நிற்பது?

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோசனம்? அந்த மூன்று நாளும் அவளே சட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என்னவென்று கேட்ட மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு நாலு வருசம் படிச்சிருக்கு. உன் வாய்க்கு பயந்துகினு அது ஊட்டாண்ட ஒக்காந்துக்கணுமா?" என்றாள். என் கோபத்துக்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்து நேராகக் கரையான்சாவடிக்கு மிதித்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போவதற்குள் பஸ் வந்துவிட்டது. சைக்கிளை ஒரு பெட்டிக்கடையோரம் பூட்டிவிட்டு ஓடி ஏறினேன். அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்படியில். காட்டுப்பாக்கத்தில் இன்னும் ஒரு கூட்டம் ஏறி நடுவில் அடைத்துக்கொண்டது. சொல்ல வேண்டியதை வாயில் வைத்துக்கொண்டு கிண்டி வரைக்கும் நின்றேன். அவ்வளவு நீளமான பயணம் நான் போனதில்லை.

இறங்கியதும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. எண்ணைத் தலைகீழாக அடித்தது நான், உன் கணக்கு சரி, திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் என்றேன். அவள் ரோட்டோரம் அப்படியே நின்றாள். நேற்றுச் சாயங்காலம்தான் பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்தாளாம். தவறு தன் கணக்கில்தான், எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஃபிலிம்களைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று. கையெழுத்தும் போட்டுவிட்டாள். சனிக்கிழமை பார்சல் போகிறது.

இரண்டு பேரும் வேகமாக நடந்தோம். பேராசிரியர் வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி நான் கொடுத்தேன், அவள் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். பிறகு அவள் எடுத்துக் கொடுக்க, நான் செருகினேன். முதல் கண்ணாடி அடியில், அதன்மேல் இரண்டு, அதன்மேல் மூன்று. நான் அடித்த எண்கள் பக்கத்திலேயே முறைத்துக்கொண்டு நின்றன, பார்க்காமல் செருகினேன். விளக்கைப் போட்டாள். அவள் குனிவதற்கு முன் நான் குனியவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. குனிந்தவள் விரலைக் கண்ணாடிமேல் வைத்தாள். விரல் வலது பக்கமாகத் திரும்பியது.

ஐந்து வாரமாக ஒட்டாத பித்தளைச் சுருளை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். வளைவுக்கு வளைவு சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் என்னையும் பார்க்கச் சொன்னாள். மூன்று சுருளுக்கு நடுவில் ஒரு ஓடை மாதிரி பள்ளம் தெரிந்தது. டி.என்.ஏ. இழை அங்கேதான் படுக்க வேண்டும் என்று நினைக்கிறாளாம், நிச்சயம் இல்லையாம். சுவர்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. இறுக்கிக் கடிக்கிற வாய் இல்லை, ஏந்திக்கொள்கிற உள்ளங்கை போல. நான் வந்த விஷயத்தையே மறந்து, இழை எந்தப் பக்கம் நுழையும், எந்தப் பக்கம் வெளியே வரும் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். அவளும் மறந்துபோய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் வந்தார். அவள் விளக்கை மட்டும் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்ததும் நான் முன்னால் போய், எண்ணைத் தப்பாக அடித்தவன் நான்தான், எங்கள் வேலையில் மேல் முகத்திலிருந்துதான் எண்ணுவோம், அந்தப் பொண்ணு மேல் தப்பில்லை சார் என்றேன். அவர் சட்டத்தில் இருந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண்கள் ரொம்ப அழகாக இருக்கின்றன என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு தன் அறைக்குப் போய், அவள் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை மடித்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். பங்குனிக்குள் மூன்று சுருளையும் நடுப்பள்ளத்தையும் மட்டுமாவது கட்டு, புகைப்படம் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்சல் போகவில்லை.

நான் கிளம்பினேன். பட்டறைக்கு அரை நாள் லீவு, முதலாளியிடம் வேறு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் கேட் வரைக்கும் வந்தாள். மன்னிச்சிக்கம்மா என்றேன். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அப்படித்தானே எல்லாரும் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. பையில் இருந்த அந்தக் காகிதத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தச் சனிக்கிழமை நான் பட்டறைக்கு வந்ததே அந்த நம்பரைப் பத்திக் கேக்கத்தான். மேலேருந்து அடிச்சீங்களா, கீழேருந்தான்னு. துண்டு சரியான்னு முதல்ல கேட்டுட்டு அதைக் கேக்கலாம்னு இருந்தேன். நீங்க கத்தினதுல எனக்கே என் கணக்கு மேல சந்தேகம் வந்துடுச்சு" என்றாள்.

பஸ் ஏறி, கரையான்சாவடியில் இறங்கி, பெட்டிக்கடையோரம் சைக்கிளைத் திறந்து, ஏறி மிதிக்காமல் ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன்.